ஹார்ன் அடிக்காத டேங்க்

மணி மூணேகால் சார். இருங்க, இதைக் கொஞ்சம் ஃபாஸ்டா வச்சிருப்பா, மூணு பத்துன்னு வச்சுக்கோங்க. என் வாட்ச் இல்ல இது. பாருங்க, பட்டை ரோஸ் கலரு, என் கையில ஏறவே ஏறாது. பொண்ணோடது. சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்தேன். என் வாட்ச் பேட்டரி போய் ரொம்ப நாளாச்சு, மாத்த நேரமில்ல.

நீங்க சென்னைக்கா? ஆத்தூர் வரைக்குமா? சரி, ஆத்தூர் வரைக்கும் பேசிக்கிட்டே போலாம். பாத்திரக் கடையா வச்சிருக்கீங்க? நல்ல தொழில். பாத்திரம் ஓட்டையா இருந்தா தண்ணி ஊத்தினா தெரிஞ்சிடும். என் தொழில்ல ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்கவே ஒரு பருவம் போயிடும். எனக்குப் பேசாம வரத் தெரியாது சார். உங்க பக்கத்து சீட்டுல உக்கார்றவன் போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணானோன்னு என் சம்சாரம் சொல்லுவா. தூக்கம் வந்தா தூங்குங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

பொண்ணைப் பாத்துட்டுத்தான் வர்றேன். ராசிபுரத்துக்கு வெளியில ஒரு கோச்சிங் ஹாஸ்டல். பேரு எதுக்கு, எல்லாம் ஒரே மாதிரிதான், பெரிய கேட்டு, பெரிய போர்டு, போர்டு நிறைய பாஸானவங்க போட்டோ. சிந்துஜான்னு பேரு. நீட்டுக்கு ரெண்டாவது தடவை படிக்கறா. போன தடவை கொஞ்சத்துல போயிடுச்சு. இந்தத் தடவை வந்துடும். நல்லா இருக்கா சார். ரொம்ப நல்லா இருக்கா. என் சம்சாரம் உமாதான் போன்ல பொலம்பித் தள்ளிட்டா, போய்ப் பாருங்க, போய்ப் பாருங்கன்னு. அவ திருநெல்வேலியில அவங்க அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன்னு போனவ, அங்கேயே மாட்டிக்கிட்டா. இங்க நானும் பையனும்தான். நானும் என்னமோ ஏதோன்னு கிளம்பி வந்தேன். வந்து பாத்தா ஒண்ணுமில்ல. சிரிச்சுக்கிட்டே வந்தா.

நான் என்ன வேலையா? சொல்றேன், கேட்டுட்டு வேற சீட்டுக்குப் போயிடாதீங்க. உங்க போனைத் தொறந்தா பத்துப் பதினைஞ்சு ஆப் இருக்குல்ல? அதெல்லாம் வெளியில தெரியற ஆளுங்க. அதுக்கெல்லாம் அடியில ஒருத்தன் இருக்கான். கெர்னல்னு பேரு. யாருக்கு எவ்வளவு இடம், யாரு எப்ப ஓடணும், எப்ப நிக்கணும், எல்லாம் அவன் முடிவுதான். நான் அந்த கெர்னல் ஆளு. ஆப் எழுதறவங்க தெருவுக்கு நாலு பேர் கிடைப்பாங்க. கெர்னலுக்குள்ள இறங்கி என்ன நடக்குதுன்னு பாக்கறவன் ஒரு ஆபீஸ்ல ஒருத்தன் இருந்தா பெரிசு. பெருமைக்குச் சொல்லல. பெருமைக்குத்தான் சொல்றேன், விடுங்க.

இந்த வருஷம் எனக்கு வந்த சோதனை யாருக்கும் வரக் கூடாது சார். ஒரு பால் கம்பெனி. கிராமத்துல கறந்த பாலையெல்லாம் கொண்டு வந்து ஒரு பெரிய டேங்க்ல ஊத்திக் குளிர வச்சிருப்பாங்க, லாரி வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும். அந்த டேங்க் பக்கத்துல நாங்க செஞ்ச பெட்டி ஒண்ணு இருக்கும். பெட்டிக்குள்ள சின்ன கம்ப்யூட்டர். பால் சூடாக ஆரம்பிச்சா ஹார்ன் அடிக்கணும். அவ்வளவுதான் அதோட வேலை. ஒரு நாள் அடிக்கல. கம்ப்ரெசர் நின்னு போயிருக்கு, பால் பாட்டுக்கு சூடாகிக்கிட்டே போயிருக்கு, பெட்டி வாயே தொறக்கல. லாரிக்காரன் வந்து மூடியைத் தொறந்தப்போ டேங்க் பூரா திரிஞ்சு கிடந்துச்சாம்.

அங்க செங்கோடன்னு ஒருத்தர், டேங்க்கைப் பாத்துக்கற ஆளு. விசாரிக்கப் போனப்போ அவரைக் கேட்டேன், ஏங்க, நாள் பூரா அந்த டேங்க்குக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே, ஒரு தடவை மூடியைத் தொறந்து பாக்கக் கூடாதான்னு. அதுக்கு அவர் சொல்றாரு, "ஹார்ன் அடிக்கலீங்களே, அதனால நல்லாத்தான் இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஆபீஸ்ல வந்து எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். ஹார்ன் அடிக்கலையாம், அதனால நல்லாத்தான் இருக்காம்!

சரி, இப்ப பழி யார் மேல? கெர்னல் மேல. அதாவது என் மேல. பெட்டிக்குள்ள ரெண்டு ப்ரோக்ராம் ஓடுது. ஒண்ணு தெர்மாமீட்டரைப் பாத்துக்கிட்டே இருக்கும். சூடானா இன்னொண்ணுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். அந்த இன்னொண்ணு ஹார்னை அடிக்கும். அனுப்பினதுக்கு சாட்சி இருக்கு. ஹார்ன் அடிக்கல. நடுவுல இருக்கறது கெர்னல். அப்போ கெர்னல்தான் சிக்னலைத் தொலைச்சிடுச்சுன்னு ஹார்ன் ப்ரோக்ராம் எழுதின பொண்ணு சொல்லிட்டா. ஷெரின்னு பேரு, நாகர்கோவில் பொண்ணு, கெட்டிக்காரிதான், ஆனா வாய். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கெர்னல் சிக்னலைத் தொலைக்காது சார். போஸ்ட் ஆபீஸ் தொலைக்கும், கூரியர்காரன் தொலைப்பான், கெர்னல் தொலைக்காது. நிரூபிக்கறேன்னு சவால் விட்டேன். அதுலதான் நாலு மாசம் போச்சு.

சிக்னல் எப்படிப் போய்ச் சேருதுன்னு உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒவ்வொரு ப்ரோக்ராமும் ஒரு வீடுன்னு வச்சுக்கோங்க. வாசல்ல வரிசையா சின்னச் சின்ன பல்பு. ஒவ்வொரு விதமான சேதிக்கும் ஒரு பல்பு. யாராவது சிக்னல் அனுப்பினா கெர்னல் போய் அந்த பல்பைப் போட்டுட்டு வந்துடும். அத்தோட அதோட வேலை முடிஞ்சுது. கதவைத் தட்டாது, பேர் சொல்லிக் கூப்பிடாது. உள்ள இருக்கறவன் ஏதோ காரியமா கெர்னல்கிட்ட வந்துட்டு, வேலை முடிஞ்சு திரும்ப வீட்டுக்குள்ள நுழையறான் பாருங்க, அப்போதான் வாசல்ல நிறுத்தி, தம்பி, பல்பு எரியுது, முதல்ல இதைப் பாருன்னு சொல்லுவாங்க. அனுப்பறது ஒரு நேரம், சேர்றது ஒரு நேரம். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் வேணாலும் ஆகலாம். இதைப் படிச்சவங்களே நிறைய பேர் புரிஞ்சுக்கறதில்ல.

இன்னொண்ணு. பல்பு மேல துணியைப் போட்டு மூடிக்கலாம். திருட்டுத்தனம் இல்ல, சட்டப்படியே மூடலாம். நான் முக்கியமான வேலையில இருக்கேன், இந்தச் சேதி இப்ப வேண்டாம்னு ப்ரோக்ராம் சொல்லி வைக்கலாம். அப்ப சிக்னல் வந்தா பல்பு துணிக்குள்ளயே எரியும். துணியை எடுத்தப்புறம்தான் தெரியும். ரெண்டே ரெண்டு சிக்னலை மட்டும் மூட முடியாது. ஒண்ணு, நில்லு. இன்னொண்ணு, சாவு. அது வந்துட்டா யாரையும் கேக்காம வேலையை முடிச்சிட்டுப் போயிடும். மத்ததெல்லாம் மூடிக்கலாம்.

நான் என்ன பண்ணேன்னா, கெர்னலுக்குள்ள சிக்னல் கிளம்பற இடத்துல ஒரு கண்ணு வச்சேன், சேர்ற இடத்துல ஒரு கண்ணு வச்சேன். எப்ப போகுது, எப்ப பல்பு எரியுது, எப்ப எடுத்துக்கறான், எல்லாம் பதிவாகும். எங்க லேப்ல அதே மாதிரி பெட்டியை வச்சு, தெர்மாமீட்டரை வெந்நீர்ல போட்டுப் போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் ஹார்ன் ஒழுங்கா அடிக்குது! ஆபீஸே காதைப் பொத்திக்குது. வாரக்கணக்குல இதே கூத்து. வீட்டுக்குப் போனாலும் அதே நெனப்பு. சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருப்பேன், பையன் தருண் சொல்லுவான், அப்பா, நீங்க இன்னும் வாயில வைக்கவே இல்லன்னு.

அந்தச் சமயத்துல போன் வந்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதனால எல்லாத்தையும் சைலன்ட்ல போட்டுட்டேன். ஹாஸ்டல் ஆப்பையும் சேத்துத்தான். அவங்க ஒரு ஆப் வச்சிருக்காங்க சார், நல்ல ஏற்பாடு. பிள்ளைங்க கையில போன் கிடையாது. ஞாயித்துக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் பேசலாம். நடுவுல பேசணும்னா வார்டன்கிட்ட சொல்லணும், வார்டன் ஆப்ல ஒரு பட்டனை அழுத்துவாங்க, "தங்கள் மகள் தங்களுடன் பேச விரும்புகிறார்"னு நமக்கு வரும். நாம சரின்னு சொன்னாத்தான் பேச விடுவாங்க. படிப்பு கெடக் கூடாதுல்ல? பெத்தவங்க மீட்டிங்ல அந்தச் சட்டத்துக்கு நானும் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டவன்தான். அந்த ஆப்ல இன்னொரு அழகு, பழசு பழசா குவியாது. புது சேதி வந்தா பழசை அழிச்சிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும். எப்பத் தொறந்தாலும் ஒண்ணுதான் இருக்கும். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

எத்தனை தடவை கேட்டாளா? அதான் சொல்றேனே, ஒண்ணுதான் இருந்துச்சு. நான் தொறந்தப்போல்லாம் ஒண்ணுதான் இருந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை அவளே சொன்னா. "அப்பா, எனக்கு இங்க மூச்சு முட்டுதுப்பா. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க"ன்னா. அன்னைக்குன்னு பாத்து கம்பெனிக்காரங்க மீட்டிங். பரீட்சை முடியட்டும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோன்னேன். சரிப்பான்னு வச்சிட்டா. பிள்ளைங்கன்னா அப்படித்தான் சார், ஆஸ்துமா கீஸ்துமா ஒண்ணும் கிடையாது அவளுக்கு. எங்க வீட்ல ஒரு சட்டம். ஒரு தடவை கேட்டா சும்மா ஆசை. ரெண்டாவது தடவை கேட்டா அடம். மூணாவது தடவையும் அதையே கேட்டாத்தான் நிஜமாவே வேணும்னு அர்த்தம். குழந்தையிலேருந்து அப்படித்தான் வளத்தேன். கேட்டதும் குடுத்தா கெட்டுப் போயிடுவாங்க. சைக்கிள்கூட மூணு தடவை கேட்டப்புறம்தான் வாங்கிக் குடுத்தேன். உமா திட்டுவா, நீங்க அப்பாவா இல்ல தாலுகா ஆபீஸான்னு.

சரி, பாலுக்கு வர்றேன். ஒரு நாள் ஷெரின் வந்து, அந்தப் பால் கம்பெனியில இருந்த பெட்டியிலேருந்து பழைய மெமரி கார்டையே வாங்கிட்டு வந்து போட்டுப் பாக்கலாமேன்னு சொன்னா. நானும் அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன், அவ வாய் முந்திக்கிச்சு, அவ்வளவுதான். வாங்கிட்டு வந்து போட்டோம். தெர்மாமீட்டரை வெந்நீர்ல போட்டோம். ஹார்ன் அடிக்கல! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நாலு மாசமா காணாமப் போன பிள்ளை கிடைச்ச மாதிரி.

என்ன ஆச்சுன்னு கேளுங்க. அந்தக் கார்டு பழசு, வெயில்லயும் ஈரத்துலயும் கிடந்து சோர்ந்து போச்சு. ஹார்ன் ப்ரோக்ராம் அப்பப்ப அதுல கணக்கு எழுதும். எழுதறப்போ நடுவுல யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பல்பு மேல துணியைப் போட்டுக்கும். புதுக் கார்டுன்னா கண்ணு சிமிட்டற நேரம். இந்தக் கார்டு எழுதுது, எழுதுது, எழுதிக்கிட்டே இருக்கு. துணி எடுத்த பாடில்ல. அந்த நேரம் பூரா தெர்மாமீட்டர்காரன் கத்தறான், பால் சூடாகுது, பால் சூடாகுது, பால் சூடாகுதுன்னு. என் பதிவுல வரிசையா இருக்கு சார், அத்தனை தடவை அனுப்பியிருக்கான். ஆனா பல்பு ஒண்ணுதானே? எரியற பல்பை மறுபடி போட்டா என்ன ஆகும், எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இருபது தடவை கத்தினாலும் வாசல்ல ஒரு பல்புதான். துணியை எடுத்துப் பாத்தப்போ ஹார்ன்காரனுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சிக்னல்.

ஒண்ணு வந்தா போதாதா, அடிக்க வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. சரியான கேள்வி! அங்கதான் ஷெரின் மாட்டினா. அவ ஒரு சட்டம் எழுதி வச்சிருக்கா, சிக்னல் ஒரு தடவை வந்தா கண்டுக்காதே, மூடியைத் தொறந்து மூடினாக்கூட தெர்மாமீட்டர் ஒரு நிமிஷம் பதறும், அஞ்சு நிமிஷத்துக்குள்ள மூணு தடவை வந்தாத்தான் நிஜம்னு. ஒண்ணு வந்துச்சு, சும்மா பதற்றம்னு விட்டுடுச்சு. மறுபடி துணி, மறுபடி ஒண்ணு, மறுபடி விட்டுடுச்சு. கெர்னல் எதையும் தொலைக்கல சார். எல்லாரும் சட்டப்படிதான் நடந்துக்கிட்டாங்க. பால் மட்டும் கெட்டுப் போச்சு.

மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நான் ஒரு பிடி பிடிச்சேன் அவளை. சிக்னலை எண்ணக் கூடாதும்மா, எண்றதுக்கு அது காசு இல்ல, ஒண்ணு வந்திருக்குன்னா எத்தனை வந்துச்சோ யாருக்குத் தெரியும், ஒண்ணு வந்தாலே எழுந்து போய் நீயே டேங்க்கைப் பாருன்னேன். எத்தனை தடவை கூப்பிட்டான்னு கணக்குப் பாக்காதே, போய்ப் பாரு. அதுதான் நான் பண்ண திருத்தம். இப்ப ஒரு சிக்னல் வந்தாலும் ப்ரோக்ராம் நேராப் போய் தெர்மாமீட்டரைப் பாத்துடும். கம்பெனிக்காரங்க எழுந்து நின்னு கை குடுத்தாங்க. ஷெரின் அழுதுட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் அழறாங்க. வெளியில வந்து என்கிட்ட சண்டைக்கு வந்தா. "சார், இந்த மூணு தடவை ஐடியாவே நீங்க டீ குடிக்கறப்போ உங்க பொண்ணு சைக்கிள் கேட்ட கதை சொன்னீங்களே, அதுலேருந்துதான் எடுத்தேன். நீங்கதான் சூப்பர்னு சொல்லி ஓகே பண்ணீங்க"ன்னா. வீட்டு விஷயம் வேற, ஆபீஸ் விஷயம் வேற, அது தெரிய வேண்டாமா? பால் வேற, பிள்ளை வேற.

அந்த வேலை முடிஞ்சுதான் இன்னைக்கு ஒழிஞ்சுது. உமாவுக்கும் சொல்லிட்டேன், போறேன்னு. அவ சொன்னா, "எதையும் கேக்க வேண்டாம், மூஞ்சியைப் பாருங்க, தெரிஞ்சிடும்"னு. பாத்தேன். நல்லா இருக்கா. கொஞ்சம் இளைச்சிருக்கா, ஹாஸ்டல் சாப்பாடு. முடியைக் கழுத்து வரைக்கும் வெட்டிக்கிட்டா, தலை குளிக்க நேரமில்லயாம். நான்தான் பயந்துக்கிட்டே போனேன், கூட்டிட்டுப் போங்கப்பான்னு கேட்டா என்ன பதில் சொல்றதுன்னு பஸ்லயே ஒத்திகை பாத்துட்டுப் போனேன். கேக்கவே இல்ல சார்! ஒரு வார்த்தை கேக்கல. பாட்டி இடுப்பு எப்படி இருக்கு, தருண் ஒழுங்கா சாப்பிடறானான்னு விசாரிச்சா. "உங்க கண்ணு செவந்திருக்குப்பா, நல்லாத் தூங்குங்க"ன்னா. என்ன பொறுப்பு பாருங்க. மூச்சு முட்டுதுன்னியேம்மான்னு நானே கேட்டேன். "இப்ப முட்டலப்பா. எல்லாம் சரியாயிடும்"னா.

"உங்க பால் பிரச்சினை என்னாச்சுப்பா?"ன்னு அவளே கேட்டா. யாரு சார் கேப்பாங்க, என் வீட்ல யாரும் கேக்க மாட்டாங்க. உக்காந்து ஆதியோட அந்தமா சொன்னேன், உங்ககிட்ட சொன்ன மாதிரியே. பல்பு, துணி, மூணு தடவை, எல்லாம். அவளும் சுவத்துல சாஞ்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில, "அப்போ அந்தப் பால்?"னா. கீழ கொட்டிட்டாங்கம்மான்னேன். "ம்"னா. அதுக்குள்ள பாக்கற நேரம் முடிஞ்சுதுன்னு பெல் அடிச்சிட்டாங்க.

இந்தப் பையா? கிளம்பறப்போ அவதான் குடுத்தா. அவளோட கலர் பென்சில் டப்பா, இயர்போன், அவ சின்ன வயசுலேருந்து வச்சிருக்கற கதைப் புஸ்தகம் ரெண்டு. இனிமே எனக்கு வேண்டாம்பா, வீட்ல வச்சிடுங்கன்னா. கவனம் சிதறக் கூடாதுன்னு எல்லாத்தையும் ஒதுக்கிட்டா பாருங்க. நான் கொண்டு போன முறுக்கைக்கூட டப்பாவோட பக்கத்து ரூம் பொண்ணுகிட்ட குடுத்துட்டா. இந்த வாட்ச்சையும் கழட்டிக் குடுத்தா, தம்பிக்குக் குடுத்துடுங்கன்னு. பத்தாவதுல நல்ல மார்க் வாங்கினதுக்கு நான் வாங்கிக் குடுத்தது. குளிக்கறப்போகூட கழட்ட மாட்டா.

என்ன சார்?

ஆமா, தம்பிக்குத்தான். தருணுக்கு. எட்டாவது படிக்கறான்.

ரோஸ் கலர்தான். அதை நான்... அவன் போட மாட்டான். கடையில கறுப்புப் பட்டை கிடைக்கும், மாத்திக்கலாம். அவ அதையெல்லாம் யோசிச்சிருக்க மாட்டா. குடுக்கணும்னு தோணியிருக்கும், குடுத்துட்டா.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? நல்லா இருக்கேன்னுதானே சொன்னா. சிரிச்சுக்கிட்டேதானே வந்தா. எதையும் கேக்கலையே. கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டிருந்தா வேற விஷயம். கேக்கல. அதனால நல்லாத்தான் இருக்கான்னு...

இந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து விடுங்க சார். வேர்க்குது.

செங்கோடன் அப்படித்தான் சொன்னாரு. ஹார்ன் அடிக்கலீங்களே, அதனால நல்லாத்தான் இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்கன்னு. நான் சிரிச்சேன். பக்கத்துலயே உக்காந்திருந்தாரு அந்த ஆளு. நாள் பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. நானும் இன்னைக்கு ஒரு மணி நேரம் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பல்பு, துணின்னு கதை சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

வாட்ச்சை எதுக்கு சார் குடுத்தா? மணி பாக்க வேண்டாமா அவளுக்கு? நாளைக்கு காலையில எழுந்திருக்க வேண்டாமா?

ஒரு நிமிஷம். வார்டனைக் கூப்பிடறேன். எடுக்கணும். எடுக்கணும், எடுங்க மேடம், எடுங்க... ஹலோ! மேடம், நான் சிந்துஜா அப்பா. இல்ல, எதையும் மறந்து வைக்கல. சிந்துஜா எங்க இருக்கா? ஸ்டடி ஹால்லயா? நீங்க பாத்தீங்களா, இல்ல இந்நேரம் அங்கதான் இருக்கணும்னு சொல்றீங்களா? கொஞ்சம் பாருங்களேன்... வரலையா? தலைவலின்னு ரூமுக்குப் போயிட்டாளா? ரூம்ல கூட யாரு இருக்கா? யாருமில்லையா?

மேடம், நான் சொல்றதைக் கேளுங்க. இப்பவே மேல போங்க. போனை வைக்காதீங்க, கையிலயே வச்சுக்கிட்டு போங்க. நல்லா இருக்கியான்னு கேக்காதீங்க, நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. கதவைத் தொறந்து உள்ள போய்ப் பாருங்க. ரூல்ஸெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மேடம், உங்க கால்ல வேணா விழறேன், ஓடுங்க.

மாடிப்படி ஏறறாங்க சார். செருப்புச் சத்தம் கேக்குது. பெரிய பில்டிங் அது. நான் பாத்தேன். மூணு மாடி. ஏன் சார் இவ்வளவு மெதுவா ஏறறாங்க.

கதவைத் தட்டறாங்க.

மறுபடி தட்டறாங்க.

தொறந்துட்டா. தொறந்துட்டா சார், குரல் கேக்குது, என்ன மேடம்ங்கறா. குடுங்க, அவகிட்ட குடுங்க போனை. சிந்துஜா! அப்பாதான். ஒண்ணுமில்லம்மா... வாட்ச்சு. வாட்ச்சைக் குடுத்துட்டியே, மணி பாக்க உனக்கு வேணும்ல. தம்பிக்கு ரோஸ் கலர் ஆகாதும்மா, அவன் போட மாட்டான். குடுத்துட்டுப் போலாம்னு திரும்பி வர்றேன். ஆமா, இப்பவேதான். இல்ல, குடுத்துட்டுப் போக இல்ல. துணிமணியை எடுத்து வை. மேடம் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க, அவங்களை எங்கயும் விடாதே. பரீட்சை இருந்தா இருக்கட்டும்மா. நீ எத்தனை தடவை கூப்பிட்டே? ஏம்மா, எத்தனை தடவைம்மா கூப்பிட்டே அப்பாவை?

அழறா சார். சத்தம் போட்டு அழறா.

கண்டக்டர்! நிறுத்துங்க, இங்கயே இறங்கிக்கறேன். ஆத்தூர் வரைக்கும் எல்லாம் வேண்டாம், இங்கயே. எதிர்ல வர்ற வண்டி ராசிபுரம்தானே? நில்லுங்க சார், அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பென்சில் டப்பா கீழ விழுது. வர்றேன் சார்.

இல்லம்மா, வைக்கல. வைக்க மாட்டேன். நீ அழு. அப்பா கேட்டுக்கிட்டேதான் வர்றேன்.